வாழைக் கல்யாணம்

கல்யாண விஷயத்தில் என் அண்ணன் அருஞ்சுனையை முதலில் கைநீட்டி அடித்தது எங்கள் அப்பா இல்லை. நான்தான். அவனைவிட ஐந்து வயது சின்னவன். பாளையம்பட்டியில் அவன் கடைக்குள் வைத்தே, பட்டப்பகலில், மோட்டார் வாங்கிப்போக வந்திருந்த இரண்டு சம்சாரிகள் பார்த்துக்கொண்டிருக்கக் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சங்கதியை எங்கள் ஊரில் யார் சொன்னாலும் அப்பாவில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது பொய்.

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திவிடும். குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். கரிசல் காட்டிலிருந்து மக்காச்சோளம், மல்லி, வத்தல் என்று எது வந்தாலும் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போவேன். ரோட்டில் எவனாவது குறுக்கே வந்தால் இறங்கிச் சட்டையைப் பிடித்துவிட்டுத்தான் மறுபேச்சு. ஆனால் அண்ணன் மேல் அதுவரை ஒரு சுடுசொல்கூட வீசியது கிடையாது. சைக்கிள் பழக்கியது அவன். பத்தாவதில் நான் பெயிலானபோது அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று, எனக்கு விழவேண்டிய அடியை வாங்கியதும் அவன்தான்.

அன்றைக்கு எனக்கு வேறு பிரச்சினை. ப்ரியா என்று ஒரு பெண், அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பாள். எங்கள் ஆட்கள்தான். இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் அப்பா நேரிலேயே வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார்.

"எனக்கு உங்க சின்னவன் மேல ஒரு குறையும் இல்ல. ஆவணிக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க. சாத்தூர்ல இருந்து ஒரு இடம் வந்துருக்கு. நான் பொண்ண வச்சுக்கிட்டு இருக்க முடியாது."

எங்கள் அப்பா தவசி, கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "மூத்தவன் இருக்கையில இளையவனுக்கு மாலை போடுற வழக்கம் எங்க வகையறாவுல கெடையாது. பெரியவனுக்கு ஆகட்டும். மறுவாரமே இவனுக்கு வச்சுருவோம்."

அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். எங்கள் சின்னத் தாத்தா ஒருவர், தன் அண்ணன் ஊர் ஊராகப் பெண் பார்த்துப் பிடிக்கவில்லை பிடிக்கவில்லை என்று காலம் தள்ளியதில், நாற்பத்தொரு வயதில்தான் மணவறையில் உட்கார்ந்தாராம். அதைப் பெருமையாக வேறு சொல்வார்கள். அருஞ்சுனைக்கு அப்போது முப்பத்து மூன்று. ஒன்பது பெண்களை வேண்டாம் என்றிருந்தான். அம்மாவின் கூடப்பிறந்த சந்தனம் மாமா, குமாரலிங்கபுரத்தில் தன் மகள் முருகலட்சுமியை அவனுக்கென்றே வைத்திருந்தார். மாமன் மகள், முறைப்பெண், உரிமைப்பெண். அவளையும் வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டால் சிரிப்பான்.

நான் நேராகப் பாளையம்பட்டிக்குப் போனேன். அவன் கடையில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுவான். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி, கண்ணை எடுக்காமல், இழை பிசகாமல் கட்டுகிற வேலை. அந்த வட்டாரத்தில் அவன் கட்டிய மோட்டார் எரிந்ததே இல்லை என்பார்கள்.

"ஏலே வா, உட்காரு. டீ சொல்றேன்" என்றான்.

"டீயும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம். முருகலட்சுமியக் கட்டுறியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

கம்பியைக் கீழே வைத்தான். என்னைக் கடையின் பின்மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான். முன்னால் சம்சாரிகள் நின்றதால் குரலை இறக்கித்தான் பேசினான்.

"மாரி, எனக்குப் பொம்பளப் புள்ளைக மேல மனசு போகாதுடா. சின்ன வயசுலருந்தே அப்படித்தான். நானும் செல்வமும் ஏழு வருசமா ஒண்ணா இருக்கோம். ஒரு பிள்ளையக் கட்டிக்கிட்டு வந்து அவ வாழ்க்கையக் கெடுக்க என்னால ஆகாது. நீ ப்ரியாவக் கட்டு. எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு வீட்டுல நானே சொல்றேன்."

செல்வம் என்றால் செல்வக்குமார். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டு மேலேயே டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருப்பவன். என் வண்டிக்கும் அவன்தான் பார்ப்பான். பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா அவனுக்கு நல்லி எலும்பாகப் பார்த்துப் போடுவாள். அந்தச் செல்வமா? எனக்கு முகம் பற்றி எரிந்தது. ஏழு வருஷமாக என்னை முட்டாளாக்கியிருக்கிறான் என்று தோன்றியது. இவன் சுகத்துக்காக நான் ப்ரியாவை விடவேண்டுமா என்று தோன்றியது. அறைந்துவிட்டேன். விழுந்தவனை எழுப்பி இன்னும் இரண்டு.

அவன் திருப்பி அடிக்கவில்லை. ஒரு முழு மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைக்கிறவன். நினைத்திருந்தால் என்னைச் சுவரோடு ஒட்டியிருப்பான். உதட்டில் இருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "அடிச்சு முடிச்சிட்டியா? வீட்டுல மட்டும் சொல்லிராத தம்பி. நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றான்.

நான் அன்றைக்குச் சாயங்காலமே சொன்னேன். அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அப்பாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்துபோய் வீட்டை ஒட்டிய மோட்டார் ரூமில் தொங்கிய பழைய பெல்ட்டை எடுத்துவந்தார். அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. முதல் அடி முதுகில். இரண்டாவது அடியில் சட்டை கிழிந்தது. அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் அப்போதும் அவளுக்குப் பெரிய கவலை. மகன் சத்தம் போடவில்லை. அது அப்பாவை இன்னும் வெறியாக்கியது.

"சொல்லுடா. கட்டுறேன்னு சொல்லு. விட்டுர்றேன்."

"மாட்டேன்ப்பா."

"சொல்லுடா."

"மாட்டேன்."

கை ஓய்ந்ததும் அவனை மோட்டார் ரூமுக்குள் தள்ளிப் பூட்டினார். போனைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு படியில் உட்கார்ந்து, தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்கு மூத்தவன் என்றால் உயிர்.

மறுநாள் காலை சந்தனம் மாமா இரண்டு பங்காளிகளோடு வந்தார். அப்பா என்னைப் பார்த்து, "வண்டிய எடு" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. பந்தல்குடியில் செல்வக்குமார் ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். எங்கள் வண்டியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எழுந்தான் பாவி. டயர் கழற்றுகிற அவனுடைய கடப்பாரையையே பிடுங்கி முழங்காலில் போட்டார்கள். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. இஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எலும்பு முறிந்தது அங்கே வரைக்கும் கேட்டது. அவன் கத்தியதும் கேட்டது. "அருஞ்சுனைய என்னடா பண்ணினீக? அவன் எங்கடா?" இதைத்தான் கத்தினான். லாரிக்காரர்கள் கூடியதும் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

முதல் ஆறு நாளும் அண்ணனுக்கு மோட்டார் ரூமில் இப்படித்தான் போனது. சோறு உள்ளே போகும், தட்டு வெளியே வரும். அம்மா முதுகில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுவிட்டு, "சரின்னு ஒரு வார்த்த சொல்லிரு ராசா. கட்டினதுக்கப்பறம் எல்லாம் சரியாப் போயிரும்" என்பாள். அப்பா போனால் அடி. மாமா போனால் மிரட்டல். "மருந்தக் குடிச்சுச் செத்துருவேன்" என்று அம்மா ஒருநாள் பூச்சிமருந்து டப்பாவோடு வாசலில் நின்றாள். அவன் எல்லாவற்றுக்கும் "மாட்டேன்" ஒன்றையே சொன்னான்.

ஏழாம் நாள் அருப்புக்கோட்டையில் ஒரு ஜோசியரிடம் போனார்கள். அவர் ஜாதகத்தை விரித்து வைத்து, கட்டத்தைப் பார்த்து, "களத்திர தோசம். மொதத் தாரம் தங்காது. அதான் ஜாதகனுக்கே கல்யாணத்துல மனசு ஒட்ட மாட்டேங்குது" என்றாராம். பரிகாரம்: வாழை மரத்துக்குத் தாலி கட்டி, கட்டின கையாலேயே மரத்தை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். முதல் தாரம் செத்த கணக்கில் தோஷம் அதோடு போய்விடும்.

எங்கள் வீட்டுக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது. பையன் கெட்டுப்போகவில்லை, கிரகம்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று ஆகிவிட்டதல்லவா? அம்மா ஒரு வாரத்துக்குப் பிறகு தலைக்குக் குளித்தாள். அப்பா பெல்ட்டை எடுத்துப் பரணில் போட்டார்.

எனக்கு வேறு ஒன்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நல்ல எண்ணத்தில்தான் தோன்றியது. மரமோ மட்டையோ, மூத்தவன் ஒரு தாலியைக் கட்டிவிட்டால் கட்டினவன்தானே? அவன் முறை முடிந்துவிடும். என் வழி திறந்துவிடும். அவனையும் விட்டுவிடுவார்கள். சாவியை வாங்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன்.

சுவரில் சாயமுடியாமல் பக்கவாட்டில் படுத்திருந்தான். தாடி மண்டியிருந்தது.

"செல்வம் உசிரோட இருக்கானா?" என்பதுதான் முதல் கேள்வி.

"இருக்கான். கால்ல கட்டு. மதுரைல அவுக அக்கா வீட்டுல இருக்கானாம்."

கண்ணை மூடிக்கொண்டான். நான் விஷயத்தைச் சொன்னேன். வாழை மரம், தாலி, வெட்டு. முதலில் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. பூட்டியதிலிருந்து அப்போதுதான் சிரித்தான்.

"அப்புறம் என்னைய விட்டுருவாகளா?"

"விட்டுருவாக. நீ கல்யாணம் ஆனவன். பொண்டாட்டி செத்துப்போனா. அவ்வளவுதான். அன்னைக்கே நான் உன்னைய மதுர பஸ்ஸுல ஏத்தி விடுறேன்."

"அப்பா சொன்னாரா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்ணே."

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். "சரி. உனக்காகக் கட்டுறேன். ப்ரியாவோட நல்லா இரு" என்றான். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து வெள்ளிக்கிழமை காலையில் என்று முடிவானது. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். "பூக்கடைக்குப் போறப்ப கல்யாண மாலை ரெண்டு கூடச் சொல்லிட்டு வா. நல்ல ரோசாப்பூ மாலையா."

"மரத்துக்கு எதுக்கும்மா ரோசாப்பூ?"

"மரத்துக்கு யாரு கேட்டா? முருகலட்சுமிக்கு." குரலைத் தணித்தாள். "மரத்த வெட்டினதும் தோசம் கழிஞ்சுரும்ல. அந்தச் சூட்டோட அங்கயே இவ கழுத்துல கட்ட வச்சுரணும்னு அப்பா சொல்லிட்டாக. சந்தனம் மாமா முகூர்த்த நேரத்துக்குப் பொண்ணோட வந்துருவாக. உள்ள இருக்கிறவன்கிட்ட மூச்சு விட்டுராத."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். மோட்டார் ரூம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். பத்து எட்டு வைத்தால் போதும். சாவி ஆணியில் தொங்கியது. எழுந்துபோய்த் திறந்து, அண்ணே ஓடிரு என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. நான் கையைக் கழுவிவிட்டு அருப்புக்கோட்டைக்குப் போய் மாலைக்குச் சொன்னேன். ப்ரியா போனில் கூப்பிட்டு, "என்னாச்சு?" என்றாள். "எல்லாம் நாளைக்கு முடிஞ்சுரும்" என்றேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய நாள் அது.

எங்கள் குலசாமி கோவில் திருச்சுழிப் பக்கம், சீமைக்கருவேலங் காட்டுக்குள் இருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்கே லாரி வருகிற பூமியில் வாழைக்கு எங்கே போவது? மார்க்கெட்டில் சொல்லி வைத்து, கிழங்கோடு தோண்டிய மரம் ஒன்றை நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கோவில் முன்னால் குழி வெட்டி நட்டோம். அம்மா அதற்குப் பச்சைச் சேலை சுற்றி, பொட்டு வைத்து, பூ வைத்தாள்.

அண்ணன் சவரம் பண்ணி, புது வேட்டியில் வந்தான். முதுகு எரிச்சலில் சட்டை போட முடியாமல் துண்டை மட்டும் போர்த்தியிருந்தான். என் பக்கத்தில் வந்து, "ஏலே, உங்க மதினியப் பாரு, என்னா அடக்கமா நிக்கிறா" என்று காதோடு சொன்னான். நான் சிரித்தேன். எல்லாம் தெரிந்துகொண்டேதான் சிரித்தேன்.

பூசாரி மணியடித்தார். அண்ணன் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை மரத்தில் மூன்று முடிச்சுப் போட்டான். காயில் கட்டுகிற கை, முடிச்சு அழகாக விழுந்தது. அப்பா அரிவாளை நீட்டினார். ஒரே வெட்டு. மரம் சேலையோடு சாய்ந்தது. அம்மா குடத்துத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள். பெண்டாட்டி செத்தவனுக்குத் தலைமுழுக்கு. ஈரத்தோடு அரிவாளை அப்பா கையில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"அம்புட்டுத்தான? போவமா? பத்தரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு."

அப்போது கருவேலமரங்களுக்குப் பின்னாலிருந்து மாமாவின் வேன் வந்தது. முருகலட்சுமி அரக்குப் பட்டில், நான் சொல்லிவைத்த மாலையோடு இறங்கினாள். சந்தனம் மாமா தட்டில் தங்கத் தாலியோடு இறங்கினார்.

அண்ணன் வேனைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். நான் சாய்ந்து கிடந்த மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதுவே பதிலாகப் போய்விட்டது.

"வா, வந்து நில்லு" என்றார் அப்பா. "தோசம் போச்சு. இனிமே ஒரு சாக்கும் சொல்ல முடியாது."

"மாட்டேன்ப்பா."

பங்காளிகள் இரண்டு பேரும் அவனைப் பிடித்து இழுத்தார்கள். உதறினான். ஒருவன் மல்லாக்க விழுந்தான். மாமா பின்பக்கமிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார். புண்ணான முதுகில் முட்டியால் குத்தினார். அண்ணன் மண்டியிட்டு விழுந்தான். அப்பா கத்தினார். "மாரி, வேடிக்கையா பாக்குற? கையப் பிடிடா. பிடிச்சுக் கட்ட வைடா. ஒனக்கும் சேத்துத்தான்டா இது."

போனேன். போய் அவன் எதிரே மண்டியிட்டு இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். விரலுக்குள் தாலிக் கயிற்றைத் திணித்தேன். முருகலட்சுமியை அவள் அப்பா தோளை அழுத்திப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். அவன் கையை முறுக்கினான், நான் விடவில்லை. சுமை தூக்கிப் பழகிய கை எனக்கும்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னான், எல்லோருக்கும் கேட்கிறமாதிரி. "முருகு, உன் மேல ஒரு குத்தமும் இல்ல தாயி. எனக்குப் பொம்பளைகளே ஆகாது. நானும் செல்வக்குமாரும்தான் குடும்பம். இவுக அத்தன பேருக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் ஒன்னையக் கூட்டிட்டு வந்துருக்காக."

பூசாரி மணியைக் கீழே வைத்துவிட்டார். முருகலட்சுமி தன் அப்பா முகத்தைப் பார்த்தாள். "தெரியுமாப்பா?" என்றாள். அவர் வேறுபக்கம் பார்த்தார். அவள் கழுத்து மாலையைக் கழற்றி எங்கள் அப்பா காலடியில் எறிந்தாள். "என்னைய என்னன்னு நெனச்சீக மாமா? நானும் மரமா?"

எங்கள் அப்பா ஊரில் நாலு பேருக்குப் பஞ்சாயத்துச் சொல்கிறவர். பூசாரி முன்னால், சாமி முன்னால், மகனும் மருமகளும் சேர்ந்து துணியை உருவியதுபோல் ஆகிவிட்டது அவருக்கு. "ஒன்னைய வெட்டிப் போட்டுட்டு நான் ஜெயிலுக்குப் போறேன்டா" என்றார். அரிவாள் அவர் கையிலேயே இருந்தது. தூக்கியதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான். தடுக்கக் கையைத் தூக்கப் பார்த்தான்.

நான் பிடித்திருந்தேன்.

கழுத்துக்கு வந்த வெட்டு அது. தலையைச் சாய்த்து அவன் உடம்பைத் திருப்பியதால் என் பிடிக்கும் அவன் முழங்கைக்கும் நடுவில் வலது கையில் இறங்கியது. எலும்பில் இரும்பு பட்ட அதிர்ச்சி என் விரல்கள்வரை வந்தது. ரத்தம் என் வாய்க்குள் தெறித்தது. அப்போதும் நான் பிடியை விடவில்லை. விடவேண்டும் என்று தோன்றவே இல்லை. முருகலட்சுமிதான் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, "விடுடா நாயே, கைய விடுடா" என்று கன்னத்தில் அடித்தாள்.

அரிவாளைப் பூசாரி பிடுங்கி எறிந்தார். அப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முருகலட்சுமி தன் பட்டு முந்தானையைப் பல்லால் கிழித்து அவன் கையை இறுக்கிக் கட்டினாள். என் வண்டியில் பின்னால் தூக்கிப்போட்டோம். அவள் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வேறு யாரும் ஏறவில்லை. ரோட்டில் அன்றைக்கு எத்தனை பேரை இடிக்கப் போனேன் என்று தெரியாது. அருப்புக்கோட்டையில் முதல் வைத்தியம் பார்த்து ஆம்புலன்ஸில் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எட்டு மணி நேரம் ஆபரேஷன். கையை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மூன்று விரலுக்கு உயிர் வராது என்றார் டாக்டர். இனிமேல் காயில் கட்டமுடியாது.

மறுநாள் மத்தியானத்துக்குள் சொந்தம் முழுக்க ஒரு பேச்சைத் தயார்பண்ணி விட்டார்கள். பரிகாரத்துக்கு மரத்தை வெட்டும்போது கைதவறிப் பட்டுவிட்டது. மாமா என்னை வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். "ஏட்டு வந்து ஒன்னையத்தான் மொதல்ல கேப்பாரு. நீதான் பக்கத்துல இருந்த. இதையே சொல்லு. வேற மாதிரி சொன்னா ஒங்கப்பன் உள்ள போவாரு. ப்ரியா வீட்டுல எவன் பொண்ணு குடுப்பான்? அவுகளுக்கு நான் பேசிட்டேன். மூத்தவன் மரத்துக்காவது தாலி கட்டிட்டான்ல, போதும்னுட்டாக. ஆவணியில ஒனக்குக் கல்யாணம்."

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. நான் தலையாட்டினேன்.

உள்ளே அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனுக்கு ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். முருகலட்சுமி ஜன்னலோரம் நின்றாள். வீட்டுக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதமாக அங்கேயே இருந்தாள். அம்மா அவன் வாயைத் துடைத்துவிட்டு, அவன் தலையைத் தடவிக்கொண்டே, பாசமாகத்தான் சொன்னாள்.

"மூணு வெரலு போனாப் போகுது ராசா. எடது கை நல்லா இருக்குல்ல. கயிறப் பிடிக்க அது போதும். முடிச்ச நாத்தனா போட்டுக்குவா. இவ இல்லேன்னாலும் வேற பிள்ளையப் பாப்போம். ஆவணிக் கடைசியில ஒரு முகூர்த்தம் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே பந்தல்ல வச்சுருவோம்."

அண்ணன் கண்ணைத் திறந்தான். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து எல்லாம் வரப்போகிறது என்று அவன் கண்ணில் தெரிந்தது. பெல்ட், பூட்டு, பூச்சிமருந்து டப்பா, பிடிக்க நாலு பேர். அவன் பயந்து நான் பார்த்ததே இல்லை. அப்போது பார்த்தேன். கஞ்சித் தூக்கை அம்மா கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். வார்டே திரும்பிப் பார்த்தது. சத்தம் கேட்டு ஏட்டு உள்ளே வந்தார். வயசானவர். கையில் அட்டையும் பேப்பரும்.

"இவருக்கு எப்படி அடிபட்டுச்சு? கூட இருந்தது யாரு?"

அம்மா, "மரத்த வெட்டுறப்ப கை தவறி..." என்று ஆரம்பித்தாள். முருகலட்சுமி என்னைப் பார்த்து, "நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றாள்.

"எழுதிக்கங்க சார்" என்றேன். "வெட்டினது எங்கப்பா தவசி. கொல்லத்தான் வெட்டினாரு. தடுக்க முடியாம ரெண்டு கையையும் பிடிச்சிருந்தது நான். இவன் கல்யாணம் வேண்டாம்னான். அதுக்காக. பந்தல்குடியில செல்வக்குமார்னு ஒருத்தன் கால ஒடைச்சாக, அதையும் எழுதுங்க. வண்டி ஓட்டினது நான்."

அம்மா எழுந்து வந்து என்னை அடித்தாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மார்பு, எங்கே கிடைத்ததோ அங்கே. "குடும்பத்தக் குழி தோண்டிட்டியேடா பாவி" என்று அடித்தாள். நான் கையைத் தூக்கவில்லை. ஏட்டு அவளை விலக்கி உட்காரவைத்துவிட்டு, "ஒன் பேரு?" என்றார். சொன்னேன். அப்பா பேர் கேட்டார், மறுபடியும் சொன்னேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார்.

கட்டில் பக்கம் போய், "அண்ணே" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "செல்வத்துக்குப் போன் போட்டுக் குடு" என்றான். என் போனில் போட்டு அவன் இடது கையில் வைத்தேன். காதில் வைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் எடுக்கிற வரைக்கும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செல்வம், நான்தான். அழுவாத. உசிரோட இருக்கேன்" என்றான். "கல்யாணம் ஆகல."